குளச்சலிலிருந்து பொழியூருக்கு எதிர்காற்றில்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் உண்டு. நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாறசாலையில் பஸ் ஏறினேன். களியக்காவிளையில் இறங்கி, தேங்காய்ப்பட்டணம் வழியாகக் குளச்சல் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். அங்கே நான் வாங்கிய வள்ளம் கிடக்கிறது. பழையதுதான், இஞ்சின் இல்லை, பாய் உண்டு. லாரியில் ஏற்றிக்கொண்டு வா என்று எல்லோரும் சொன்னார்கள். என் மனைவி செலின் மட்டும், "வள்ளம் கடல்லேருந்து கரையேறணும். முதக் கயிறு நான் பிடிக்கணும்" என்றாள். பொழியூரில் எங்கள் கரையில் வழக்கம் அப்படி. வீட்டுக்காரி கயிற்றைத் தொட்ட பிறகே மற்றவர்கள் இழுப்பார்கள்.

பொழியூர் வீட்டைக் கடல் எடுத்து நான்கு வருடமாகிறது. இப்போது கொல்லயிலில் வாடகைக்கு இருக்கிறோம். தென்னந்தோப்பும் வயலும் உள்ள நல்ல ஊர். ஆனால் காலையில் எழுந்ததும் காற்று எந்தப் பக்கம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நான் மட்டும் முற்றத்தில் இறங்கி ஓலை சாயும் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூட்டை தூக்கும் சுமட்டு வேலைக்குப் போவேன். வீடு போன பிறகு செலின் அந்தக் கரைக்கே போனதில்லை. வள்ளம் வந்தால் போவேன் என்பாள்.

குளச்சலிலிருந்து பொழியூர் கடல் வழியே சுமார் இருபத்திரண்டு கிலோமீட்டர், வடமேற்கே. மார்ச் மாதத்தில் உச்சிப்பொழுது திரும்பினால் காற்றும் அங்கிருந்துதான் வரும். காற்றுக்கு நேரே எந்தப் பாயும் ஓடாது. கடலுக்குள் சரிந்து ஓடி, பாயைப் புறம் மாற்றி, கரைக்குச் சரிந்து ஓடி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். அப்படித் திரும்பும் இடங்களுக்கு அடையாளம் பிடிக்கத்தான் பஸ் வாசலில் நின்று குனிந்து குனிந்து பார்த்தேன். "ஓய், கடலு அங்கதான் கெடக்கும். உள்ள கேறி நில்லும்" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த வளைவில் மறுபடி எட்டிப் பார்த்தேன்.

செலினின் தம்பி ஸ்டெல்லஸ் குளச்சலில் மீன்பிடிக்கிறவன். பாய் மாற்ற இரண்டு பேர் வேண்டும். அவன் வருவதாகச் சொல்லியிருந்தான். வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து மணலில் கரையை வரைந்தோம். விடியுமுன் கரைக்காற்றில் புறப்பட்டு இனயம் தாண்டுவது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் தங்கல். மறுநாள் விடியலில் பாதி வழி, மீதி எதிர்காற்றில். கடலில் இருந்து பார்க்க முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு அடையாளம் நேராக வர வேண்டும்; அதைக் கணிச்சம் என்போம். இந்தக் கோபுரம், அந்த மலை என்று ஒவ்வொரு கணிச்சமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"நம்ம கரையில எங்க பிடிக்கணும் மச்சான்?"

"சர்ச்சுக்க கோபுரம், நம்ம ரெண்டு தெங்கு."

ஸ்டெல்லஸ் மணலில் பொழியூர் வரைந்த இடத்தில் விரலை வைத்தான். "தெங்கு இப்ப எங்க நிக்கி?" என்று மெதுவாகக் கேட்டான்.

வீட்டோடு போன தென்னைகள். வழி முழுக்க அடையாளம் தேடி வந்தவனுக்குச் சொந்தக் கரையில் அடையாளம் இல்லை. இரண்டு பக்கமும் கடலரிப்புக்குப் போட்ட பாறை. நடுவில் சிறிது மணல். பிசகினால் வள்ளம் சிதறும். லாரி பேசட்டுமா என்று ஸ்டெல்லஸ் கேட்டான். அவன் கேலி செய்யவில்லை.

செலினுக்குப் போன் செய்தேன். தென்னையை மறந்ததைச் சொன்னேன்.

"கோபுரம் நிக்குல்லா?"

"நிக்கி."

"அப்ப முன்னால மணல்ல நான் நிக்கேன். மஞ்ச சேலை உடுத்திருப்பேன். என்னையும் கோபுரத்தையும் ஒண்ணா வச்சு வாருங்க."

"நல்ல வெயிலாக்கும்" என்றேன்.

"வாறது வரைக்கும் நிப்பேன்."

அதன் பிறகு காற்று எங்களைப் புறப்பட விடவில்லை. கரைக்காற்று இல்லை, விடியலிலேயே வடமேற்குக் காற்று. வள்ளத்துக்குள்ளேயே தூங்குகிறேன். செலின் தினமும் சேலையை எடுத்து உதறி மடித்து வைக்கிறாளாம். கொல்லயிலில் இருந்து அந்தக் கரை பஸ்ஸில் போகிற தூரம்தான். நான் புறப்படாமல் அவள் போக மாட்டாள். அவள் நிற்காமல் நான் சேர முடியாது.

இன்று மாலை காற்று கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஸ்டெல்லஸ் பாயை அவிழ்த்துப் பார்க்கிறான்.

குளச்சல், மார்ச் 18, செவ்வாய்க்கிழமை.