என் கணக்கில் வந்த பேச்சியம்மாளின் பணம்

போன வாரம் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எனக்குப் போன் போட்டுப் பாராட்டினீர்கள் அல்லவா? அந்தப் பாராட்டையெல்லாம் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போன வாரம் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக... என் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோது, யாரோ கட்டிய ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய் என் கணக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. 'உடனே வங்கிக்கு ஓடினேன். மேனேஜரிடம் ஒப்படைத்தேன். யாரோ ஓர் ஏழைப் பெண்மணியின் பணமாம்' என்று எழுதி, நேர்மையைப் பற்றி நாலு வரி சேர்த்து முடித்திருந்தேன்.

விருதுநகரிலிருந்து ஒரு மிளகாய் மண்டிக்காரர் கூப்பிட்டு, "ஒங்க கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும்யா" என்றார். "அட, இதுல என்ன இருக்கு" என்றேன் நான். அடக்கம் வேறு!

இரண்டு நாள் கழித்து மேனேஜர் போன் செய்தார். "சார், அந்தம்மா வந்திருக்காங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

நன்றி சொல்லத்தான் வந்திருப்பார், வேறு எதற்கு? இஸ்திரி போட்ட சட்டையாகப் பார்த்து எடுத்து மாட்டினேன். வாசல்வரை வந்த என் மனைவி, "மாலை கீல போடுவாக, கழுத்த நல்லா தொடச்சிட்டுப் போங்க" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

மேனேஜர் அறையில் நாற்காலி இருந்தும் உட்காராமல் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். விரல் நுனிகளில் வெள்ளி நிறம் — பட்டாசு மருந்து தொடுகிற கைகளில் என்ன சோப்பு போட்டாலும் அது லேசில் போகாது. காதில் தோடு இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தார்.

அவர் கும்பிடவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"இவுகதான் சார்! இவுகளத்தான் ஒரு மாசமாத் தேடிக்கிட்டு இருக்கேன். அன்னைக்கு செலான் எழுதிக் குடுத்தது இவுகதான்!"

முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

தீபாவளி சீசன் கூட்டம். வங்கியில் நிற்க இடமில்லை. பணம் எடுக்கப் போயிருந்த நான், பத்திரிகை ஆபீஸோடு செல்போனில் பேசிக்கொண்டிருந்தேன். "சார், இதக் கொஞ்சம் எழுதிக் குடுக்கீகளா?" என்று யாரோ ஒரு செலானையும் பாஸ்புக்கையும் நீட்டினார்கள். பேச்சை நிறுத்தாமலே வாங்கினேன். பேரைக் கேட்டு எழுதினேன். தொகையைக் கேட்டு எழுதினேன். கணக்கு நம்பர்?

வங்கியில் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து நம்பர் ரயில் மாதிரி நீண்டுவிட்டது. ஆனாலும் என்னுடையது எனக்கு மனப்பாடம். அதில் ஒரு பெருமையும் உண்டு. வாய் போனில், கை செலானில்... கை தனக்குத் தெரிந்த நம்பரை எழுதிவிட்டது. அந்தப் பாஸ்புக்கை நான் திறக்கவே இல்லை. கவுன்டரில் இருந்தவரும் அவசரத்தில் நம்பரை மட்டும் பார்த்துப் பணத்தை வரவு வைத்துவிட்டார்.

ஆக, அது தவறிப்போய் வந்த பணம் இல்லை. நானே எழுதி, நானே என் கணக்கில் போட்டுக்கொண்ட பணம்!

அவர் பெயர் பேச்சியம்மாள். நாரணாபுரம். பட்டாசுக் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் பெண்கள் சேர்ந்து வைத்திருக்கிற மகளிர் குழுவுக்கு அவர்தான் தலைவி. கடன் தவணையை எல்லாரிடமும் வசூலித்துக் கட்ட வந்தவர்.

"அப்பவே பேங்க்ல சொல்லியிருக்கலாமேம்மா?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் பழியைத் தள்ளிவிட இடம் தேடுகிற புத்தி.

"சொல்லாம இருப்பனா? ரெண்டு நாள் சம்பளத்த விட்டுட்டு வந்து நின்னேன். இது ஒங்க குழு நம்பர் இல்ல, எழுதிக் குடுத்த ஆளப் போய்க் கேளுன்னுட்டாக. ஒங்கள நான் எங்கன போய்த் தேட?"

மேனேஜர் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மறுபடி வைத்தார்.

"எவன் கணக்குலடி கொண்டுபோய்ப் போட்டேன்னு கேட்டாளுக சார். மத்தியானம் சோத்து வாளியத் தூக்கிட்டு எம் பக்கத்துல இருந்து எந்திரிச்சுப் போயிட்டாளுக. காதுத் தோட்ட அடகு வச்சுத் தவணையக் கட்டுனேன்."

அப்போதுதான் அந்த ஈர்க்குச்சிக்கு அர்த்தம் தெரிந்தது. என் இஸ்திரிச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'உடனே வங்கிக்கு ஓடினேன்' என்று எழுதினேனே, அது பொய். பாஸ்புக்கில் பார்த்த பிறகு மூன்று வாரம் சும்மா இருந்தேன். பத்திரிகை எனக்குத் தர வேண்டிய பழைய பாக்கியாக இருக்கும் என்று முதல் வாரம் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்ன, ஆசைப்பட்டேன். பிறகு, வேண்டியவர்கள் தேடி வரட்டுமே என்று இருந்துவிட்டேன். "அடுத்தவக காசு வீட்டுக்குள்ள கெடந்தா எனக்குத் தூக்கம் வரல" என்று மனைவி தினமும் பிடுங்கியதால்தான் போனேன். பேச்சியம்மாள் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அவர் தேடி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

'இப்படிப் பணம் வந்தால் என்ன செய்வது?' என்று நேரில் பார்த்தால் கேட்கும் வாசகர்களுக்கு இங்கேயே சொல்கிறேன். அந்நியர் பணம் உங்கள் கணக்கில் வந்தால் அன்றைக்கே வங்கிக்குப் போங்கள். எழுதிக் கொடுங்கள். தொடாதீர்கள். 'தேடி வரட்டும்' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். தேடுகிறவர்களுக்கு வழி தெரியாது. நாம் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் அங்கே யாரோ திருட்டுப் பட்டம் சுமக்கிறார்கள்.

"தோட்ட நான் மீட்டுத் தர்றேம்மா" என்றேன்.

"வேணாம் சார். வந்த காசுல மீட்டுக்கிருவேன். ஆனா பணம் வந்தும் பேச்சு நிக்கலையே! மாட்டிக்கிருவோம்னு பயந்து நானே திருப்பிக் கட்டிட்டேன்னு சொல்றாளுக."

"நான் நாரணாபுரம் வந்து எல்லார்கிட்டயும் சொல்லட்டுமா?"

"ஐயய்யோ! ஆம்பளையக் கூட்டியாந்து சாட்சி சொல்ல வச்சேன்னு அதுக்கும் ஒரு கதை கட்டுவாளுக."

பிறகு அவரே ஒரு வழி சொன்னார்.

"ஒங்க பேப்பர எங்க கம்பெனி கணக்கப்பிள்ளை சாப்பாட்டு நேரத்துல சத்தமா வாசிப்பாரு. போன தடவையும் வாசிச்சாரு. யாரோ பெண்மணின்னு வந்துச்சு. அது நான்தான்னு சொன்னேன், ஒருத்தியும் நம்பல. ஒங்க பேரு மட்டும் பெருசாப் போட்டிருக்கு. இந்தத் தடவை எம் பேரையும் போட்டு எழுதுறீகளா சார்?"

"கட்டாயம் எழுதுறேம்மா" என்றேன்.

கணக்கப்பிள்ளை ஐயா, மேலே உள்ளதை எல்லாம் விட்டுவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கடைசி வரியை மட்டும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி வாசியுங்கள்:

பேச்சியம்மாள் குழுப் பணத்தில் ஒரு பைசாவைக்கூடத் தொடவில்லை — எடுத்து வைத்திருந்தது நான்.