ஊதா பிடிக்காத கொழுந்தியாள்

தொட்டிகளை வடிவமைக்கும் அந்த அலுவலகத்தில் ஒரு வதந்தி: தலைமைப் பொறியாளரின் கொழுந்தியாள், ஊதா நிறம் பிடிக்கவில்லை என்று ஒரு தண்ணீர்த் தொட்டி வேலையையே நிறுத்திவிட்டாளாம். காப்பி இயந்திரத்தடியில் மூன்று பேர் சத்தியம் பண்ணினார்கள். விசாரித்ததில், நிறுத்தியது உண்மை. ஊதாவும் உண்மை. பிடிக்கவில்லை என்பதுதான் இட்டுக்கட்டியது.

கணினியில் தொட்டியின் சுவரைச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கிச் சோதிப்பது அவள் வேலை. ஒவ்வொரு கட்டத்துக்கும் முகம் உண்டு, முதுகும் உண்டு. முகம் பார்க்கும் திசையில்தான் தண்ணீர் தள்ளுகிறது என்று கணினி நம்பும். சொன்னதை அப்படியே நம்புவதில் அதற்கு நிகர் அதுதான்.

அன்று மதியம் தலைமைப் பொறியாளரான அத்தான் கணக்கை முடித்து, மெல்லிய தகடே போதும் என்று பட்டறைக்கு அனுப்பவிருந்தார். தொட்டி ஏறப்போவது நாற்பது குடும்பங்களின் தலைக்கு மேல், மொட்டைமாடியில்.

"அத்தான், அனுப்பாதீங்க. ஒரு நிமிஷம்."

"படம் முழுக்க நீலம். நீலம்னா பயமில்ல. உனக்கு வேற வேலை இல்லையா?"

"சுவர்ல ஆள் நுழையுற வாயைச் சுத்தியும் நீலமா இருக்கே, அதான் உதைக்குது. ஓட்டை போட்ட இடம், அங்கதான் சுவர் திணறணும். ரொம்ப நல்ல பிள்ளையா உக்காந்திருக்கு."

முகங்களை மஞ்சளாகவும் முதுகுகளை ஊதாவாகவும் காட்டச் சொன்னாள். தொட்டி முழுக்க மஞ்சள். வாயைச் சுற்றி மட்டும் ஊதா வளையம், முப்பத்தாறு கட்டம். பழைய வேலையொன்றிலிருந்து அந்தத் துண்டை வெட்டி ஒட்டியவர் அத்தானேதான். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவர் பார்க்கவில்லை. கணினியின் கணக்கில் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் சுவரை வெளியே தள்ளாமல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

கட்டங்களைத் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டினாள். பத்து நிமிடம் அத்தான் நாற்காலியின் கைப்பிடியைச் சுரண்டினார். வாயைச் சுற்றிச் சிவப்பு எழும்பியது. அங்கே தகடு இரட்டிப்பாக வேண்டும்.

ஒன்பது வருடமாக, யார் கொடுத்த படமானாலும் முகம் பார்க்காமல் அவள் நம்பியதில்லை. தன்னுடையதையும்தான். 'அப்பவே சொன்னேனே' என்று அவள் சொல்லவில்லை. இந்த அலுவலகத்தில் அதுவே ஒரு சாதனை.

"அக்காகிட்ட சொல்லிடாதே."

"எதை அத்தான்?"

"அதான்... சரி, தேங்க்ஸ் அப்புறம் சொல்றேன், பட்டறைக்காரர் லைன்ல இருக்காரு."

இன்றோடு பதினோரு நாள். பட்டறைக்காரரோடு அத்தான் இன்னும் பேசி முடிக்கவில்லை போலிருக்கிறது.