கை நனைக்காத விருந்து

சனிக்கிழமை காலை ஆறு இருபதுக்குக் களமருதூரில் டவுன் பஸ் ஏறினோம், நானும் என் வீட்டுக்காரரும். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அவருக்கு உண்டு. அந்தச் சில்லறையை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து ரசிப்பது என் வழக்கம். அன்று ரசிக்க மனம் வரவில்லை. சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் தங்கி, ஏழு வகை விருந்து சாப்பிட்டு வரப் போகிறோம். கேட்பவர்களுக்கு நான் கொடுத்துவைத்தவளாகத் தெரிவேன். அதில் இருக்கிற சிக்கல் எனக்குத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகள் ரேவதி சென்னையில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு வந்தவள், தினேஷ் என்ற பையனைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னாள். கிண்டியில் பெரிய ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை. "நாலு ஏக்கரு நெல்லு போடுறவன் பொண்ணு, கரண்டி புடிக்கிறவனுக்கா?" என்றார் இவர். அப்புறம் மூன்று மாதம் வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று. கடைசியில் "போய்ப் பாக்கலாம்" என்று இறங்கி வந்தார். தெரிந்ததும் அந்தப் பையன் தன் ஓட்டலிலேயே எங்களுக்கு அறை போட்டு, மாலையில் அவன் அப்பா அம்மாவோடு விருந்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டான்.

ஏழே காலுக்கு உளுந்தூர்பேட்டை. ஆளுக்கொரு டீ, பதினைந்து ரூபாய். சென்னை பஸ்ஸில் ஆளுக்கு நூற்று அறுபது. கண்டக்டர் என் பட்டுப்புடவையைப் பார்த்து, "இன்னாம்மா, கல்யாணத்துக்கா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல" என்று முந்திக்கொண்டு பதில் சொன்னார் இவர்.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். "தா பாரு, பேச்சு முடியாம அங்க கை நனைக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

எங்கள் பக்கத்தில் இது கறாரான வழக்கம். சம்பந்தம் பேசப் போகிற இடத்தில், இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும்வரை சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் மாற்றிப் பேச வாய் கிடையாது.

"அது வூட்டுக்குத்தானே? இது ஓட்டலாச்சே" என்றேன்.

"சோறு யாரு போடுறாங்க? அவங்கதானே?"

இவர் இப்படித்தான் சொல்வார் என்று ரேவதியிடம் முன்பே எச்சரித்திருந்தேன். "ஓட்டல்ல யாரும்மா அதெல்லாம் பாப்பாங்க" என்று சிரித்துவிட்டாள். அவள் போட்ட தப்புக்கணக்கு அதுதான்.

கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகரப் பேருந்து பிடித்துக் கிண்டிக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. ஓட்டல் வாசலில் ஒரு பெண் வணக்கம் சொல்லி, புதினா போட்ட இளநீரை நீட்டினாள். இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்கு நாக்கு வறண்டு கிடந்தது. ஆனாலும் கும்பிடு போட்டு நகர்ந்தேன்.

அறை ஒன்பதாவது மாடியில். ஒரு நாள் வாடகை பதினோராயிரத்து ஐந்நூறு, வரி தனி என்று மேசைமேல் இருந்த அட்டையில் போட்டிருந்தது. ஆள் புதைகிற மெத்தை, ஆறு தலையணை. இரண்டு தலைக்கு ஆறு எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவில் சுவரில்லை, கண்ணாடி. இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தினவர் பதறிப்போய், "இன்னா எழவு இது, தெறந்த வூடா?" என்று கேட்டார். கண்ணாடிக்கு மேலே திரை இருப்பதைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. தட்டு நிறைய ஆப்பிளும் திராட்சையும் வைத்திருந்தார்கள். அதையும் தொடவிடவில்லை. கட்டிக்கொண்டு வந்த புளிசோற்றைத் தரையில் பேப்பர் விரித்துத் தின்றோம்.

மாலை ஏழு மணிக்கு விருந்து. எங்கள் வழக்கப்படி ரேவதி இந்தப் பேச்சில் உட்காரக் கூடாது என்று அவளை ஹாஸ்டலிலேயே நிறுத்திவிட்டோம். மேசையில் நாங்கள் நான்கு பேர். தினேஷின் அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். அம்மா வீட்டில் துணி தைக்கிறவர். தினேஷ் வந்து கும்பிட்டு, "இன்னிக்கி எல்லாமே நான்தாங்க செய்யறேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனான்.

முதலில் ஒரு பெரிய குழித்தட்டின் நடுவில் நான்கு ஸ்பூன் அளவுக்கு முருங்கைக்காய் சூப். இவர் கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. தட்டு வந்தபடியே திரும்பிப் போயிற்று. இரண்டாவதாக வறுத்த இறால், பக்கத்தில் மாங்காய்ப் பச்சடி. அதுவும் போயிற்று. பரிமாறுகிறவர் குனிந்து, "ஐயாவுக்கு வேற எதாவது கொண்டாரட்டுமாங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் வாணாம் தம்பி" என்றார் இவர். மூன்றாவது, சாமைச்சோற்று உருண்டை. மேலே கல்வராயன் மலைத் தேன் என்று மேசையில் இருந்த மெனு அட்டையில் அச்சடித்திருந்தது. எங்கள் பக்கத்துத் தேனைத் தேடிப் பிடித்திருக்கிறான் பையன். இவர் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய், "கரியாலூரு தேனா இருக்கும்" என்று முணுமுணுத்தார். அதற்குமேல் அசையவில்லை.

அந்தத் தட்டுகளும் உள்ளே போனதும் சமையலறைக் கதவு கொஞ்சம் திறந்தது. தினேஷின் முகம் தெரிந்தது. அவன் எங்களைப் பார்க்கவில்லை, திரும்பி வந்த தட்டுகளைத்தான் பார்த்தான். சினை மாட்டுக்கு நான் வைத்த தீவனத்தை அது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் எனக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருந்திருக்கும் அவனுக்கு. அவன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எம்புள்ள நாலு நாளா இதயே யோசிச்சிகினு இருந்தான்மா" என்றார் என்னிடம்.

அவன் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கைத்துணியை மேசைமேல் வைத்து, "எங்க பையன் சமைச்சது ஐயாவுக்கு எறங்கலீங்களா? புடிக்கலன்னா சொல்லிடுங்க, எந்திரிச்சிடலாம்" என்றார்.

சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து நான்காவது தட்டு வந்தது. வாழையிலையில் சுட்ட வவ்வால் மீன். யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். முள்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, கையாலேயே பிய்த்து வாயில் போட்டேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் மீனே கருகியிருக்கும்.

"எனக்குப் பேச்சு முடிஞ்சிடுச்சிங்க" என்றேன் அவர்களிடம். "இவருக்குத்தான் இன்னும் முடியல. ஒத்துக்காம கை நனைக்கக் கூடாதுன்னு எங்க ஊரு வழக்கம். சாப்பாட்டு மேல கொறை இல்ல."

தினேஷின் அம்மா வாயில் கை வைத்தார். "ஐயோ, எங்களுக்குத் தெரியாதுங்களே. நாங்க பொறந்து வளந்ததெல்லாம் மெட்ராசு."

இவர் அவர்கள் பக்கம் திரும்பினார். "வூட்ட காட்டாம ஓட்டல காட்டுனா நான் இன்னான்னு நெனைக்கறது?"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "வூடு சின்னதுங்க. ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு. உங்கள அங்க தங்க வெக்கக் கூச்சமா இருந்துச்சி. இங்க வேல செய்யறவங்களுக்கு வருசத்துக்கு ஒரு நாளு ரூமு சும்மா குடுப்பாங்க. அத உங்களுக்குக் குடுத்துட்டான். நாங்களே இன்னிக்கித்தான் இந்த ஓட்டலுக்குள்ள வரோம்."

இவர் மேசைத்துணியின் சுருக்கத்தை நீவிவிட்டார். "நாளைக்குக் காலைல வூட்டுக்கு வரலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா வாங்க" என்றார் தினேஷின் அப்பா.

அதற்கப்புறம் வந்த மூன்றையும் நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். ஒரு தட்டாவது காலியாக உள்ளே போகட்டுமே. இவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அறைக்கு வந்து மீதிப் புளிசோற்றை வழித்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார். ஆறு தலையணை இருந்தும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. ஓட்டலைக் காலி செய்துவிட்டு ஆதம்பாக்கத்துக்கு ஆட்டோவில் போனோம், நூற்றிருபது ரூபாய். இரண்டாவது மாடி. அந்த அம்மா சொன்னதில் பொய் இல்லை. தையல் மிஷினை ஒதுக்கினால்தான் நான்கு பேர் உட்கார முடியும். தினேஷ் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கண்ணீரும் கையுமாக எழுந்து நின்றான்.

இவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எங்க பொண்ணு ஒடம்பு முடியாம படுத்துக்கினா வூட்ல யாரு சமைப்பா?"

"நான்தாங்க."

"நல்லா இருந்தா?"

"அப்பவும் நான்தாங்க. அவங்க சமைச்சத ஒரு தடவ துண்ணு பாத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. ரேவதி வைக்கிற சாம்பாரைப் பெற்றவள் நானே தாங்க மாட்டேன். இவர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். அவன் அம்மா உள்ளேயிருந்து, "இன்னிக்கி மட்டும் நான் கொழம்பு வெச்சிருக்கேங்க. எங்க வூட்ல எங்க கையால போடணும்னு" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "கை கழுவ எங்கப்பா தண்ணி?"

தினேஷ் ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினான். கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. இவர் ஒரு உருண்டை பிடித்து வாயில் போட்டு, மென்று முழுங்கும்வரை எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு தட்டைப் பார்த்தபடியே, "இன்னும் கொஞ்சம் சோறு வைங்க" என்றார். மூன்று மாதமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அப்படியே இறங்கிப் போயிற்று. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நானும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

பகல் இரண்டு பத்துக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ். போன அதே நூற்று அறுபது ரூபாய், கிழிந்த சீட்டு, எதிர்வெயில். ஆனாலும் ஒன்பதாவது மாடி மெத்தையில் கிடைக்காத தூக்கம் செங்கல்பட்டுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. திண்டிவனத்தில் விழித்துப் பார்த்தால், இவர் தூங்காமல் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க?" என்றேன்.

"மாப்ள அத்தினி பாடுபட்டு செஞ்சிருக்கு. ஒரு வாயி துண்ணாம வந்துட்டேனே."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மீனு எப்பிடி இருந்துச்சி?" என்று கேட்டார்.

சொன்னேன். அதற்கடுத்து வந்ததையும் கேட்டார். சொன்னேன். விழுப்புரம் வரும்வரை, நான் தின்ற ஒவ்வொன்றையும் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.