வாழைக்கு வெட்டிய குழியும் லண்டன் சுரங்க றெயிலும்

"அம்மா, எங்கட ஊரில கீழ ஒளிக்கிற இடம் எங்க இருக்கு?" நான்கு வயது மகள் ஆரணி போன கிழமையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

லண்டனுக்கு வந்து மூன்று வருடமாகியும், நகரும் படிகளில் நிலத்துக்குள் இறங்கும்போது நான் கைபிடியை விடுவதில்லை. திருகோணமலையில் நிலத்துக்குக் கீழே போகிறவர் கிணறு வெட்டுகிறவர், இல்லாவிட்டால் செத்தவர். இங்கே பத்திரிகை வாசித்தபடி இறங்குகிறார்கள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருப்பதால் கிளினிக்குக்கு நானும் அப்படித்தான் போய்வருகிறேன்.

போன கிழமை றெயில் சுரங்கத்தின் நடுவில் நின்றது. எங்கோ 'தும்' என்றொரு சத்தம், விளக்குகள் அணைந்தன. நான் யோசிக்கவில்லை. ஆரணியைக் குப்புறப் படுக்கவைத்து, அவள் காதுகளைப் பொத்தி, பல்லுக்கிடையில் கைலேஞ்சியைத் திணித்தேன். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் சீனன்குடாப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பழகிய விசயம். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் யப்பான்காரன் குண்டுபோட்டபோது என் அம்மா சிறுமி. துணியைக் கடித்தால் காது வெடிக்காது என்று அப்போது சொல்லிக்கொடுத்தார்களாம். பிறகு நாடு சுதந்திரமடைந்து, யுத்தத்தை எல்லோரும் மறந்த காலத்திலும், துறைமுகத்தில் பீரங்கிப் பயிற்சி நடந்தால் அம்மா எங்கள் வாயில் துணியைத் திணிப்பா. நாங்கள் சிரிப்போம். "சிரிக்காதேங்கோ, கடியுங்கோ!" என்று முதுகில் ஒன்று விழும்.

விளக்கு வந்தது. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவி பதறிப்போனா. "பிள்ளைக்கு வலிப்பா?"

"வலிப்பு இல்லை. இது பொம்புக்கு" என்றேன் என் ஆங்கிலத்தில்.

எதிரிலிருந்தவர் என் கைப்பையைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பார்த்தார், பிறகு எழுந்து தூரப் போனார். அவ்வப்போது குண்டு வைக்கப்படும் இந்த நகரத்திலும் அந்தச் சொல்லுக்கு ஆட்கள் பயப்படுகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தோடு தடுமாறி விளக்கினேன். கிழவி சிரித்துவிட்டா.

"நான் அடுத்த ஸ்டேசன் பிளாட்போமில் படுத்து வளர்ந்தவள், கண்ணே" என்றா. அதே யுத்தத்தில் லண்டனில் குண்டு விழுந்த நாட்களில் அரசாங்கம் முதலில் சனத்தைக் கீழே படுக்க விடவில்லையாம். அவவின் தாய் மலிவான டிக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு இறங்கி, மேலே ஏற மாட்டேன் என்று இருந்துவிட்டாவாம். அப்படியே எல்லாச் சனமும். பிறகு அரசாங்கமே கட்டில் போட்டு, தேத்தண்ணி கொடுத்ததாம். "நீங்கள் எங்கே ஒளிந்தீர்கள்?"

"எங்கள் சனம் ஊரைவிட்டு ஓடியது" என்றேன். ஆரணி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு நூலகத்தில் இந்த றெயிலின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். முதலில் தெருவைப் பிளந்து, தண்டவாளம் போட்டு, மேலே மூடியிருக்கிறார்கள். நீராவி எஞ்சின் என்பதால் ஒரே புகை, மூச்சுமுட்டல். பிறகுதான் களிமண்ணுக்குள் ஆழமாகக் குடைந்திருக்கிறார்கள். நெரிசலைக் குறைக்க வெட்டிய குழி, பின்னொரு நாள் உயிரைக் காத்திருக்கிறது. எல்லாரையும் அல்ல, சில ஸ்டேசன்களில் குண்டு கீழேயும் வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை வாசிக்காமல் விட்டிருக்கலாம்.

பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போவது எங்கள் வழக்கம். ஆரணியும் அங்கேதான் பிறந்தாள். இந்த மாதம் தாண்டினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கணவர், "உன்ர விருப்பம்" என்கிறார். அதுதான் எனக்குப் பெரிய பாரம். ஆமி, சூடு, குண்டு என்று வரும் ஊர்க்கதைகள் நல்லதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா சந்திக் கடை ரெலிபோனுக்கு வந்தா.

"ஊர் எப்பிடியம்மா?"

"ஒரு குறையுமில்லை. நீ வா மகள். பிள்ளைப்பெத்த பத்தியத்துக்குக் காயச்சரக்கெல்லாம் இடிச்சு வைச்சிருக்கிறன்."

"அப்பா என்ன செய்யிறார்?"

"வீட்டு வளவுக்குள்ள குழி வெட்டுறார். வாழை வைக்க."

"முதுகு நோகுதெண்டவர் எல்லோ? சின்னக் குழிதானே?"

"இறங்கினா ஆள் தெரியாது."

"வாழைக்கு ஏனம்மா அவ்வளவு ஆழம்?"

அம்மா குரலைத் தாழ்த்தினா. "கடையில ஆக்கள் நிக்கினம், பிள்ளை" என்றா. "மேல போட தென்னங்குத்தியும் வந்திட்டுது. வைக்கிறன்."

எந்த வாழைக்கு மேல் தென்னங்குற்றி அடுக்குவார்கள்? அப்பா சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் காலம் முழுக்க வேலைசெய்தவர். எது பற்றினால் எவ்வளவு தூரம் எரியும் என்று தெரிந்தவர். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா? போகாவிட்டால் அந்தக் குழியருகே இரண்டு கிழடுகளைத் தனியே விட்டவளாவேன். போனால் என் பிள்ளைகளை நானே அதற்குள் இறக்குவேனோ?

கட்டிலில் பெட்டி திறந்தபடி கிடக்கிறது. ஒரு பக்கம் கிளினிக் தாதி பின்னித் தந்த கம்பளிக் காலுறை. மறுபக்கம் அம்மா பழைய வேட்டியில் தைத்து அனுப்பிய சட்டைகள். இரண்டும் பிறக்காத ஒரே பிள்ளைக்கு.

இங்கே பிள்ளை பெற்ற சகோதரிகளே, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள்? ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வளவுகளிலும் வாழைக்குக் குழி வெட்டுகிறார்களா? என் மனம் நோகுமென்று மறைக்காமல், தயவுசெய்து மாதம் முடியமுன் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள்.