தேமோரும் ஒரு கீற்றுப் பூசணியும்

இன்று காலை திண்டிவனம் மார்க்கெட்டில், எப்போதும் போகும் காய்கறிக் கடையில் தேங்காய்களைத் தட்டிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இன்னொரு கையில் ஒரு வாளி புளித்த மோர்.

கடைக்காரி செல்வி எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, இவ்ளோ தேங்கா, வாளி நெறைய மோரு! பெங்களூர்லருந்து புள்ள வந்துக்குதா? மோர்க்கொழம்பா?”

வயலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பூத்திருக்கிறது, அதற்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். தேங்காய்ப்பாலையும் மோரையும் பானையில் ஒரு வாரம் புளிக்கவைத்தால் தேமோர். தண்ணீரில் கலந்து தெளித்தால், தேங்காயிலேயே இருக்கும் வளர்ச்சி ஹார்மோன் பூவை அவ்வளவாக உதிரவிடாது. பாட்டில் மருந்தை நான் விட்டுப் பல போகம் ஆகிறது.

ஆனால் கேட்கும்போதே அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

“ஆமா செல்வி” என்றுவிட்டேன்.

“அப்ப இத்த வச்சிக்கோங்க. காசெல்லாம் வாணாம். புள்ளைய ஒரு வாட்டி இட்டுக்கினு வாங்க” என்று வெண்பூசணியைப் பெரிய கீற்றாக அரிந்து பையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்து தேமோர் கலக்கி, பானை வாயைத் துணியால் கட்டிவிட்டேன். ஒரு டம்ளர் மோரும் அரை மூடித் தேங்காயும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் பூசணிக் கீற்று.

ஒரே ஒரு ஆளுக்கு மோர்க்குழம்பு வைக்க அளவு தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். எனக்கு ஸ்பிரேயர் டேங்குக்குத்தான் அளவு தெரியும்.