ஒத்தவேம்பட்டியில் ஒரு குடம் தண்ணீர்

மதுரை ஸ்டேஷனில் நான் இறங்கியபோது பொழுது நன்றாக விடிந்திருந்தது. 1979, பங்குனி மாதம். போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கப்பல், அங்கிருந்து இரவு ரயில். கப்பல் ஆடிய ஆட்டத்தில் வராத வாந்தி மதுரைப் பிளாட்பாரத்தில் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம்தான்.

இதைப் படிக்கும் நம் தீவுத் தமிழர்களில் பாதிப் பேருக்கு என் கதை சொந்தக் கதை மாதிரி இருக்கும். என் பூட்டனார் ஒரு கொலைக்காக வெள்ளைக்காரன் காலத்தில் அந்தமானுக்கு நாடுகடத்தப்பட்டவர். தண்டனை முடிந்து, கைதியாக வந்த ஒரு பெண்ணையே கட்டிக்கொண்டு அங்கேயே மண்ணாகிப் போனார். அவர் எங்களுக்கு விட்டுப்போனவை சின்னக்கருப்பன் என்ற தம் பெயரும் பேரையூர்ப் பக்கத்து ஒத்தவேம்பட்டி என்ற ஊர்ப் பெயரும் மட்டுமே. யாரைக் கொன்றார், எதற்குக் கொன்றார் என்பதைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

என் தம்பி கடலோடு போன பிறகு, கொலையுண்ட அந்த யாரோ ஒருவரின் நினைப்பு அப்பாவைப் பிடித்துக்கொண்டது. "அந்தக் குடும்பம் வயிறெரிஞ்சிருக்கும்டா. போய்த் தேடு. ஒருத்தர் மிச்சமிருந்தாலும் கால்ல விழுந்துட்டு வா" என்றார். காலில் விழுவது எனக்குச் சிரமமில்லை. துறைமுக ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம், முதுகு வளைந்து பழகியதுதான். விழுந்தவனை எழுந்திருக்க விடுவார்களா என்பதுதான் கவலை.

ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜ், அறை வாடகை பத்து ரூபாய். "என்ன விசயமா வந்திருக்கீக?" என்று மேனேஜர் கேட்டார். "சொந்தக்காரங்களைப் பார்க்க" என்றேன். "எந்த ஊரு சொந்தம்?" என்றார். பல் தேய்க்கப் போவதாகச் சொல்லித் தப்பித்தேன். இரண்டு இட்லியைப் பிய்த்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

பேரையூர் பஸ்ஸில் டிக்கெட் மூன்று ரூபாய் இருபது காசு. ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. திருமங்கலம் தாண்டியதும் பச்சை என்ற நிறமே நின்றுபோனது. இருபுறமும் வெடித்துக் கிடக்கும் கரிசல், காய்ந்து நிற்கும் பருத்திமார், கருவேலமரம். நம் தீவில் மழை எப்போது விடும் என்று ஏங்குவோம். இங்கே வானத்தைப் பார்க்கவே யாருக்கும் மனமில்லை போலிருந்தது.

ஒத்தவேம்பட்டிக்குப் பாதை பிரியும் விலக்கு வந்தால் சொல்லும்படி கண்டக்டரிடம் கேட்டேன்.

"பட்டவன் கோயிலுக்காண்ணே?"

"அது என்ன கோயில்?"

"வெட்டுப்பட்டுச் செத்தவருண்ணே. எங்க பக்கம் அப்படிச் செத்தவுகளக் கல்லு நட்டுச் சாமியாக் கும்பிடுவாக. ரொம்பத் துடியான சாமி. பொய் சொல்லிட்டுப் போனா ரத்தம் கக்க வச்சிரும்."

"கோயிலுக்குத்தான்" என்று பொய் சொன்னேன். சொன்ன பிறகுதான் எந்தச் சாமி விஷயத்தில் பொய் சொன்னேன் என்று உறைத்தது.

விலக்கிலிருந்து வண்டிப்பாதையில் இரண்டு கிலோமீட்டர் நடை. வறண்ட கண்மாய்க் கரையில், மடைக்குப் பக்கத்தில் ஒரு வேம்பு, அதனடியில் இடுப்புயரக் கல். எண்ணெய் குடித்துக் குடித்துத் தார் பூசியதுபோல் கறுத்திருந்தது. பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அரிவாளால் தேங்காய் மட்டை உரித்துக்கொண்டிருந்தார். பூசாரி பரமன் அவர்தான். அவர் மனைவி பேச்சி கல்லைச் சுற்றிக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. எந்த ஊரு, எந்த வகையறா?" என்றார் பரமன். அந்தக் கோயிலில் வகையறா சொல்லாமல் விபூதி கிடையாதாம்.

பதிலுக்கு நானே ஒரு கேள்வி கேட்டேன். குமாஸ்தா புத்தி. "சாமிக்கு எண்ணெய் மட்டும்தான் வைப்பீங்களா? தண்ணீர் ஊற்றிக் கழுவமாட்டீங்களா?"

"ஊத்தக் கூடாதுண்ணே. இவரு என் பூட்டன். இந்த மடைத் தண்ணிக்குத்தேன் ராத்திரில சண்ட. வெட்டுனது வேத்தாளு இல்ல, அவரு தங்கச்சி புருசன், சின்னக்கருப்பன். அவனத் தீவாந்தரம் கொண்டு போயிட்டாக. தண்ணிக்குச் செத்தவருக்கு, வெட்டுனவன் வகையறா வந்து மொதத் தண்ணி ஊத்துனாத்தேன் மத்தவுக ஊத்தலாம். அதுவரைக்கும் எண்ணெய்தேன். யாரு வரப் போறா?"

பேசிக்கொண்டே அடுத்த தேங்காயில் அரிவாளைப் போட்டார். என் பார்வை அரிவாளை விட்டு நகரவில்லை. விபூதி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்பாவிடம் அந்தக் குடும்பத்தில் யாருமே இல்லை என்றுகூடச் சொல்லிவிடலாம். பொய்யை மனதுக்குள் வார்த்தை வார்த்தையாக அடுக்கியும் பார்த்தேன். ஆனால் கடலோரம் நின்றபடி தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் அப்பாவின் குரல் கேட்டது.

"நான் சின்னக்கருப்பன் வகையறா. அந்தமானிலிருந்து வர்றேன்" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. பரமன் எழுந்தார், அரிவாளோடு. நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் காலடியில் விழுந்தேன். தோளைப் பிடித்து இழுத்து என்னை நிறுத்தினார்.

"எனக்கு எதுக்கு விழுகுறீக? எனக்கா வெட்டு விழுந்துச்சு?" என்றவர் அரிவாளைக் கீழே வைத்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "என்ன நிக்கிற? கொடத்த எடு" என்றார்.

அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு பம்புசெட்டில்தான் தண்ணீர். பேச்சி கொண்டுவந்த குடத்தை வாங்கும்போதே கால்வாசியைத் தரையில் கொட்டிவிட்டேன். மிச்சத்தைக் கல்லின் தலையில் ஊற்றினேன். ஒரு சொட்டுகூடக் கல்லில் ஒட்டவில்லை. முத்து முத்தாக உருண்டு வழிந்து மண்ணுக்குள் போய்விட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சாமி ஏத்துக்கலையே" என்றேன்.

பேச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்புட்டு வருசத்து எண்ணெய் இருக்கு. ஒரு கொடத்துல நனைஞ்சிருமாக்கும்? நான் போயி இன்னொரு கொடம் கொண்டாறேன்" என்றார்.

மூன்றாவது குடத்தில், கல்லின் அடியில் ஒரு கையகல இடம் மட்டும் சாம்பல் நிறமாக நனைந்து தெரிந்தது. பரமன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எனக்கு விபூதி பூசினார்.

மாலை பஸ்ஸுக்கு விலக்குவரை கூடவே வந்தார். வழியெல்லாம் அந்தமானில் எம்புட்டு மழை பெய்யும் என்று விசாரித்தார். மன்னிப்பு என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. பஸ் வந்து நின்ற பிறகுதான் சொன்னார்: "ஆரம்பிச்சத விடக்கூடாது மாப்ள. வருசா வருசம் பங்குனிக்கு நீங்க வந்து ஊத்துன பெறகுதேன் நாங்க ஊத்துவோம். கல்லு காஞ்சு கெடக்க விட்றாதீக."

காலையில் அண்ணனாக இருந்தவன் மாலையில் மாப்பிள்ளையாகி இருந்தேன். அதில் சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. பாவத்தைத் தொலைக்கப் போனவன், இனி ஆண்டுதோறும் கடல் தாண்டவேண்டிய ஒரு வேலையை அல்லவா வாங்கிக்கொண்டு திரும்புகிறேன்! லீவுக்கும் கப்பல் செலவுக்கும் என்ன செய்வது என்று ரயில் முழுக்கக் கவலைப்பட்டேன்.

போர்ட் பிளேரில் இறங்கியபோது பருவத்துக்கு முந்திய நல்ல மழை. எங்கள் வீட்டுக் கூரைத் தண்ணீர் யாருக்கும் வேண்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் அப்பாவிடம் சொல்லி முடித்தேன்.

"மன்னிச்சாங்களா?" என்றார்.

"அடுத்த பங்குனிக்கும் வரச் சொன்னாங்கப்பா."

அப்பா எழுந்துபோய்க் கூரைத் தண்ணீருக்கு அடியில் ஒரு குடத்தை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கப்பலுக்கு ரெண்டு டிக்கெட்டா சொல்லி வை" என்றார்.