பாறை நிறத்தில் ஒரு நூல்

போன வாரம் ஒரு பெண் ஜாக்கெட் துணி கொண்டுவந்து கொடுத்தாள். சாம்பலும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிறம். அதற்கு மேட்சாக நூல் தேடி டப்பாவைக் கிளறினேன். ஒரு ரீல் அகப்பட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. தெளிந்த தண்ணீருக்குள் கிடக்கும் பாறையின் நிறம் அது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நிற நூலைப் போட்டு நான் மீன் பிடித்திருக்கிறேன். பிடித்திருக்கிறேன் என்பதும் கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான்.

செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் நானும் அஞ்சலையும் வேலை பார்த்தோம். இரண்டு பேருக்கும் அப்போது கல்யாணம் ஆகவில்லை. அவள் சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருவாள். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. அன்றைக்கு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலைகளுக்கு நடுவே இருக்கிற ஏரிக்கு மிதிப்பாள். அங்கே சேறு கிடையாது. மூன்று பக்கமும் பாறை, அடியிலும் பாறை. ஆள் உயரத் தண்ணீரில்கூடக் கீழே கிடக்கிற கூழாங்கல் தெரியும்.

மீன் நமக்குத் தெரிகிற தண்ணீரில் மீனுக்கு நாமும் தெரிவோம். அதனால் அஞ்சலை சில சட்டங்கள் வைத்திருந்தாள். பளிச்சென்ற தாவணி ஆகாது. வெயிலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது, நிழல் தண்ணீரில் விழும். பேசவே கூடாது. கடைசிச் சட்டம் எனக்காகவே போட்டது போலிருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் அளவு கேட்கவே நாக்கு எழாதவள் நான். சட்டம் போட்டவள்தான் அதை மீறிக்கொண்டிருப்பாள்.

பாறை மேல் ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தி எங்களைப் பார்த்துச் சத்தம் போடுவாள். "இன்னாங்கடி, மீனு புடிக்கிறீங்களா, மாப்ள புடிக்கிறீங்களா?"

"எது மொதல்ல மாட்டுதோ அதுக்கா!" என்பாள் அஞ்சலை. நான் குனிந்த தலை நிமிர மாட்டேன்.

கெண்டை கெளுத்தியெல்லாம் கிடைக்கும். எங்கள் கண் ஒரு விரால் மேல்தான். முழங்கை நீளம் இருக்கும். பாறை இடுக்கிலிருந்து வந்து தூண்டில் முள்ளில் மாட்டிய குட்டித் தவளையை மோந்து பார்க்கும். பிறகு, விலை படியாத ஆளைப் போலத் திரும்பிப் போய்விடும். தூண்டில் நரம்பு வெயிலில் மினுங்குவதால்தான் அது சந்தேகப்படுகிறது என்று கண்டுபிடித்தோம். தையல்காரிகளுக்கு வேறென்ன தோன்றும்? மேட்சிங் நூல் போட்டுவிட்டால் தெரியாது. கடை மாஸ்டரிடம் மிச்ச ரீல்களைக் கேட்டு வாங்கி ஏரிக்கே கொண்டுபோனோம். ஒவ்வொன்றாக நனைத்துப் பாறையோடு வைத்துப் பார்த்தோம். கடைக்கு வருகிற கல்யாணப் பட்டு ஜாக்கெட்டுக்குக்கூட நாங்கள் அவ்வளவு பார்த்ததில்லை. பொருந்தின நூலை முறுக்கி, முள்ளுக்கு மேலே ஒரு முழத்துக்குக் கட்டினோம்.

அப்போது அஞ்சலையின் அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். லீவுக்கு ஊருக்கு வந்தவள், தங்கச்சியையும் தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். நூல் கட்டின அன்றைக்குத் தூண்டிலைப் போட்டுவிட்டு அஞ்சலை சொன்னாள்.

"நாளைக்கு எங்கூட பஸ் ஏறுன்னு அக்கா சொல்லுது. எனக்கு ஒண்ணும் ஓடல. இன்னிக்கு அந்த விராலு மாட்டுச்சுன்னா நான் போவல. மாட்டலன்னா போறேன்."

"வெளாடாதடி."

"நெஜமாத்தான்."

அதற்குப் பிறகு நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். விரால் வந்தது. மோந்தது. திரும்பவில்லை. அது வாயைத் திறந்து விழுங்கியதை இரண்டு பேரும் கண்ணால் பார்த்தோம். கழி வளைந்தது. நானும் பாய்ந்து அவளோடு சேர்ந்து பிடித்தேன். வெள்ளை வயிறு ஒரு தடவை மேலே புரண்டது. பிறகு கழி சட்டென்று லேசாகிவிட்டது. நூல் அறுந்திருந்தது. நிறத்தைப் பார்த்தோமே தவிர, ஜாக்கெட் தைக்கிற நூல் எவ்வளவு இழுப்புத் தாங்கும் என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை. ஜீன்ஸ் தைக்கிற தடித்த நூல் கடையில் இருக்கத்தான் இருந்தது. அது நீலம்.

"போச்சுடி!" என்று அஞ்சலை சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் என் முகத்தையே பார்த்தாள். "இன்னாடி, ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

விரால் போனால் போகட்டும், நீ போகாதே என்று சொல்ல நினைத்தேன். அறுந்த நுனியைக் கழியில் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"சரி வா, வெயிலு ஏறுது" என்று சைக்கிளை எடுத்தாள்.

மறுநாள் போய்விட்டாள். அந்தப் பக்கத்திலேயே கல்யாணமும் ஆயிற்று. ஏரியை இப்போது குத்தகைக்கு விட்டு மீன் வளர்க்கிறார்கள். தீனி கொட்டிக் கொட்டித் தண்ணீர் பச்சையாகக் கலங்கிக் கிடக்கிறது. இறங்கி நின்றால் நம் கால் நமக்குத் தெரியாது.

பொங்கலன்று அஞ்சலை போன் செய்தாள். பெற்ற பிள்ளையைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடுகிற ஊரில் இத்தனை காலம் இருந்துவிட்டவள்.

"நல்லா இருக்கீங்களா? நம்ம ஏரில இன்னும் அடிப்பாறை தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த மரியாதை என் வாயிலும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.